கொத்தானும் காம்பிளின் நூலும்

மாப்பிள்ளையூரணிப் பக்கம் உப்பளங்களை ஒட்டிய மணலில், புதர்களின் மேல் மஞ்சள் நூல்போலப் பின்னிக் கிடக்கும் இலையற்ற கொடியை நீங்கள் பார்த்திருக்கலாம். மாணவர் ஒருவர் அதைக் கொண்டுவந்து பெயர் கேட்டார். பௌதிகம் கற்பிக்கும் நான் தயங்காமல் 'கஸ்குட்டா' என்றேன். பாடநூலில் படித்த தண்டு ஒட்டுண்ணி அதுதானே! "ஐயா, காயில் ஒரே விதைதான் இருக்கிறது" என்றார் அவர். அந்த ஐயமே என்னை ஜே. எஸ். காம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலைப் புரட்ட வைத்தது.

1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்த நூல் இது. 1925இல் காம்பிள் மறைந்தபின் சி. இ. சி. ஃபிஷர் இதை நிறைவு செய்தார். புறத்தோற்றத்தில் மயங்காமை இதன் பெருஞ்சிறப்பு. கஸ்குட்டா, கடற்கரை அடம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. கொத்தான் எனப்படும் கசைத்தாவோ இலவங்கப்பட்டை மரத்தின் குடும்பம். இரண்டும் உறிஞ்சு உறுப்புகளால் பிற செடியின் சாற்றைப் பருகுபவை. ஆயினும் உறவினர் அல்ல.

வேறுபாட்டை எப்படி அறிவது? நிறத்தை நம்பவேண்டாம். பச்சையம் சிவப்பு, நீல ஒளிகளை உட்கவர்கிறது. அதன் அளவு மாறினால் நிறமும் மாறும். கொத்தான் பச்சையாகவும் இருக்கும், மஞ்சளாகவும் இருக்கும். பூவையும் காயையும் பாருங்கள். கஸ்குட்டாவின் அல்லிகள் இணைந்து, பொதுவாக ஐந்து மடல்களாக இருக்கும்; காய் உலர்ந்தது, விதைகள் நான்கு வரை. கொத்தானின் பூவிதழ்கள் ஆறு: வெளியே மூன்று சிறியவை, உள்ளே மூன்று பெரியவை. மகரந்தப்பை சிறு கதவுபோலத் திறக்கும். சதைப்பற்றுள்ள உறைக்குள் ஒரே விதை.

நூலில் குறைகளும் உண்டு. படங்கள் இல்லை. குடும்பங்கள் பெந்தாம்–ஹூக்கர் வரிசையில் அமைந்துள்ளன, இன்றைய டி.என்.ஏ. ஆய்வு இலவங்கக் குடும்பத்தை மக்னோலியாவுக்கு அருகில் வைக்கிறது. படக்குறையை, திருச்சி ராபினாட் உலர்தாவரகத்தின் கே. எம். மாத்யூ 1982இல் வெளியிட்ட விளக்கப்பட நூல் பெரிதும் போக்கியது. ஆனால் இரண்டுமே ஆங்கிலம். தமிழ்வழி மாணவருக்கு இந்த வாயில் இன்னும் பாதிதான் திறந்துள்ளது.

இது வெறும் பெயர்ச் சிக்கல் அன்று. 'ஆகாசவல்லி' என்ற வடமொழிப் பெயர் இரண்டிற்கும் வழங்குகிறது. இரண்டையும் மருந்துக்குப் பறிக்கிறார்கள். அவற்றின் வேதிப்பொருள்களோ வேறுவேறு.

அந்த மாணவர் சொன்னதே சரி; தவறியவன் நான். அடுத்தமுறை இக்கொடியைக் கண்டால், பெயர் சொல்லும் முன் ஒரு காயை நறுக்கிப் பாருங்கள்.