கட்டைவிரலிலிருந்து கேளுங்கள்

கோலார் தங்கவயல்காரர்களுக்கு ஜிம் ரீவ்ஸை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ராபர்ட்சன்பேட்டையிலும் சாம்பியன் ரீஃபிலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களோடு பழகி வளர்ந்த தமிழர்களுக்கு அந்த டெக்சஸ்காரரின் குரல் வீட்டுக் குரல். 1964-ல் விமான விபத்தில் இறந்துபோனவரை தென்னிந்தியாவும் இலங்கையும் இன்னும் விடவில்லை. டிசம்பர் பிறந்தால் அவருடைய கிறிஸ்துமஸ் பாட்டுகளை யாராவது எடுத்துப் போட்டுவிடுவார்கள். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்க வேலையைத் தொடங்கிய நாள்முதல் கிளப், தேவாலயம், நடனக்கூடம் என்று மேற்கத்திய இசைக்கு இங்கே இடம் இருந்துவந்திருக்கிறது. ‘லிட்டில் இங்கிலாண்ட்’ என்றும் ஊருக்குப் பெயர் உண்டு.

ஆனால் ரீவ்ஸிடம் நாம் கேட்டது குரலை. அவருடைய பிற்காலப் பாட்டுகளில் வயலின்களும் கோரஸும் சூழ்ந்துகொள்ள, கிடார் ஓரமாக ஒதுங்கியிருக்கும். அந்த மெருகெல்லாம் வருவதற்கு முன்னால், ஒரே ஒரு மரக் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு தனி ஆளாகவே தாளமும் பேஸும் மெட்டும் வாசித்தவர்கள் அமெரிக்காவின் தென்பகுதியில் இருந்தார்கள். பருத்திக்காட்டுக் கூலிகள், வீட்டு வேலைக்காரப் பெண்கள், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள். கன்ட்ரி, புளூஸ், ஃபோக் என்று பின்னால் பிரிந்துபோன எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான். அந்த வாசிப்பை எப்படிக் கேட்பது, கையில் கிடார் இருந்தால் எங்கே தொடங்குவது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். சுரங்க ஊர்க்காரர்களுக்கு இதில் தனி உரிமை உண்டு என்றும் நினைக்கிறேன்.

முதல் வேலை, மெட்டை மறந்துவிடுவது. நம் காது பழக்கத்தால் பாட்டின் மெட்டுக்குப் பின்னாலேயே ஓடும். அதை இழுத்துப் பிடித்து, வாசிப்பவரின் வலதுகைக் கட்டைவிரல் என்ன செய்கிறது என்று மட்டும் கேளுங்கள். தடித்த கம்பிகள் மூன்றும் அதன் பொறுப்பு. சி கார்டைப் பிடித்தால் ஐந்தாம் கம்பி, நான்காம் கம்பி, ஆறாம் கம்பி, மறுபடி நான்காம் கம்பி என்று எண்ணிக்கைக்கு ஒரு அடி. பாட்டு முடியும்வரை அது நிற்காது. மேலே மெல்லிய கம்பிகளில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மெட்டை எடுக்கும். மிருதங்கம் கேட்டுப் பழகியவர்களுக்கு இது எளிதில் பிடிபடும்: கட்டைவிரல் தொப்பி, மற்ற விரல்கள் வலந்தலை. இரண்டு பக்கமும் ஒரே ஆள் கையில் இருப்பதால்தான் ஒற்றைக் கிடார் இரண்டு கிடார்போலக் கேட்கிறது.

கட்டைவிரல் காதில் பதிந்த பிறகு மெட்டுக்குத் திரும்புங்கள். ஆச்சரியம் அங்கே காத்திருக்கிறது. மெட்டின் சுரங்கள் பல, அடியின்மேல் விழாமல் இரண்டு அடிகளுக்கு நடுவே விழுந்திருக்கும். கர்நாடக இசையில் அதீத எடுப்பு, அனாகத எடுப்பு என்று தாளத்துக்கு முன்னும் பின்னும் பாட்டைத் தொடங்குவோமே, அந்த முன்பின் நகர்வு இங்கே வரிக்கு வரி நடக்கிறது. கட்டைவிரல் நேராக நடக்க, விரல்கள் அதைச் சீண்டிக்கொண்டே போகின்றன. கால் தானாகத் தாளம் போடத் தொடங்கினால் சரியாகக் கேட்கிறீர்கள் என்று அர்த்தம்.

மூன்றே கார்டு, இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. ராக ஆலாபனையில் தேடுவதை இங்கே தேடினால் ஏமாற்றம்தான். ஒரே மெட்டு ஏழெட்டுத் தடவை திரும்ப வரும். இரண்டாம் சரணத்தில் பேஸ் கம்பி ஒன்று மாறியிருக்கும், நான்காம் சரணத்தில் ஒரு சுரம் விடுபட்டிருக்கும். அந்தச் சின்ன மாற்றங்களில்தான் கலைஞரின் புத்தி தெரியும். புளூஸில் இன்னொன்றையும் கவனியுங்கள். சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையில், எதிலும் நிற்காத ஒரு காந்தாரம் உண்டு. இடதுகை விரல் கம்பியை லேசாகத் தள்ளி அதைப் பிடிக்கும். கமகம் கேட்டு வளர்ந்த தமிழ்க் காது அதை உடனே கண்டுகொள்ளும்.

யாரைக் கேட்பது? மேபெல் கார்ட்டரிலிருந்து தொடங்குங்கள். 1928-ல் பதிவான ‘வைல்ட்வுட் ஃபிளவ’ரில் அவர் மெட்டையே கட்டைவிரலால் பேஸ் கம்பிகளில் வாசித்து, மற்ற கம்பிகளை விரலால் வருடித் தாளம் போடுகிறார். அடுத்து எலிசபெத் காட்டன். இடதுகைக்காரரான அவர், வலதுகைக் கிடாரைக் கம்பி மாற்றாமல் அப்படியே திருப்பிப் பிடித்ததால் பேஸை விரல்களும் மெட்டைக் கட்டைவிரலும் வாசித்தன. சிறு வயதில் வீட்டருகே ஓடிய ரயிலை வைத்து அவர் உண்டாக்கிய ‘ஃபிரெய்ட் டிரெயின்’ பாட்டை, மாரிக்குப்பத்திலிருந்து அதிகாலையில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் ரயிலிலேயே கேட்டுப் பார்க்கலாம்.

மிசிசிப்பி ஜான் ஹர்ட் எனக்கு மிகவும் பிடித்தவர். 1928-ல் சில பாட்டுகளைப் பதிவு செய்தார். தட்டுகள் விற்கவில்லை, கம்பெனி மறந்துவிட்டது, அவர் அவலான் என்ற தன் சிற்றூருக்குத் திரும்பி வயல்வேலை செய்தார். ஒரு பாட்டில் அந்த ஊரின் பெயரைச் சொல்லியிருந்தார். 1963-ல் ஒரு ரசிகர் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டே போய் அவரைக் கண்டுபிடித்தார். முப்பத்தைந்து ஆண்டு கழித்தும் அந்த வாசிப்பின் மென்மை அப்படியே இருந்தது. 1966-ல் காலமாகும் முன் அவர் பதிவு செய்தவை, கற்றுக்கொள்பவருக்கு இன்றும் முதல் பாடம். வேகம் இல்லை, பகட்டு இல்லை, ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் காதில் விழும்.

வாசிக்க விரும்புகிறவர்கள் கார்டு மாற்றிப் பழகிய கையோடு இதில் இறங்கலாம். ஸ்டீல் கம்பி போட்ட எந்தச் சாதாரண அக்கூஸ்டிக் கிடாரும் போதும். சில வாரங்களுக்குக் கட்டைவிரல் மட்டும். பேசிக்கொண்டே வாசித்தாலும் அது தடுமாறாத நிலை வரவேண்டும். அதன்பின் கட்டைவிரலோடு சேர்த்து ஒரு விரல், அடியின்மேலேயே. அது படிந்த பிறகுதான் அடிகளுக்கு நடுவே. இந்த வரிசையை மாற்றி, முதலிலேயே முழுப் பாட்டை நோட்டில் பார்த்துப் பிடிப்பவர்களின் வாசிப்பில் கட்டைவிரல் மெட்டுக்குப் பின்னால் நொண்டுவதைப் பார்க்கிறேன். பிறகு அதைத் திருத்துவது கடினம்.

இனி மெர்ல் டிராவிஸ். 1917-ல் கென்டக்கியில் பிறந்தவர், அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. அந்த வட்டாரத்தில் ஆர்னால்டு ஷூல்ட்ஸ் என்ற கறுப்பினத் தொழிலாளி வாசித்த முறையைக் கென்னடி ஜோன்ஸ் பிடித்துக்கொண்டார். அவரிடமிருந்து மோஸ் ரேகர், ஐக் எவர்லி என்ற சுரங்கத் தொழிலாளிகளுக்கும், அவர்களிடமிருந்து சிறுவன் டிராவிஸுக்கும் வந்தது. ஷூல்ட்ஸின் வாசிப்பு ஒன்றுகூடப் பதிவாகவில்லை. கைபார்த்துக் கற்றவர்கள் வழியாகத்தான் அது உயிரோடு இருக்கிறது. டிராவிஸ் உள்ளங்கையின் அடிப்பகுதியைப் பேஸ் கம்பிகள்மேல் லேசாக அழுத்தி வைப்பார். நீண்டு ஒலிக்காமல் ‘டும் டும்’ என்று அடங்கி வரும் அந்த ஒலி அவருடைய அடையாளம். இன்று உலகம் முழுவதும் இந்த முறைக்கு ‘டிராவிஸ் பிக்கிங்’ என்றே பெயர்.

1947-ல் வெளியான அவருடைய ‘ஃபோக் சாங்ஸ் ஆஃப் தி ஹில்ஸ்’ தொகுப்பில் ‘சிக்ஸ்டீன் டன்ஸ்’ இருக்கிறது. 1955-ல் டென்னசி எர்னி ஃபோர்டு பாடிப் பெரும் வெற்றி பெற்ற பாட்டு அது. ஃபோர்டின் பதிவில் கிளாரினெட்டும் விரல் சொடுக்கும் கனத்த குரலும் இருக்கும். டிராவிஸின் பதிவில் ஒரு கிடார் மட்டும். அடுத்தடுத்துக் கேளுங்கள். என் கணிப்பில் டிராவிஸின் பதிவே உயர்ந்தது. அண்ணன் கடிதத்தில் எழுதிய சொற்களையும், கம்பெனிக் கடையில் பட்ட கடனைப் பற்றி அப்பா வழக்கமாகச் சொன்னதையும் எடுத்துக் கட்டிய பாட்டு அது. அவர் வாசிக்கும்போது அந்த வீடு தெரிகிறது. அதே தொகுப்பில் உள்ள ‘டார்க் ஆஸ் எ டஞ்ச’னையும் விட்டுவிடாதீர்கள்.

தரைக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சாம்பியன் ரீஃப் சுரங்கம் இருந்த ஊர் நம்முடையது. பாறை வெடிப்பில் இறந்தவர்களும், தூசியால் நுரையீரல் கெட்டவர்களும் தொழிலாளர் குடியிருப்பின் ஒவ்வொரு லைனிலும் இருந்தார்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. கீழே இறங்கி வேலை பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. தங்கவயலில் கிடார் பழகும் பிள்ளைகளே, கட்டைவிரல் நிலைத்ததும் டிராவிஸின் பாட்டை வாசித்துக் காட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் தாத்தாவிடம் உட்கார்ந்து ஷிஃப்ட்டைப் பற்றிக் கேளுங்கள். அவர் சொன்ன சொல்லிலேயே தமிழில் ஒரு பாட்டு கட்டுங்கள்.