கூற்று மாறும் பாடல்: மறுபாடல்களில் பால்நோக்கு

முன்னுரை

ஒருவர் பாடிப் புகழ்பெற்ற பாடலை மற்றொருவர் மீண்டும் பாடிப் பதிவுசெய்வதைக் ‘கவர்’ என வழங்குவர். இக்கட்டுரை அதனை மறுபாடல் எனக் குறிக்கிறது. ஆண் பாடியதைப் பெண்ணும், பெண் பாடியதை ஆணும் பாடும்போது பாடலின் பால்நோக்கு என்னவாகிறது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா. இம்மாற்றத்தைப் பாடகரின் ஆளுமைக்கு மட்டும் உரியதாக்கி விளக்குதல் எளிது; ஆனால் அது போதாது. தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணும் 34 உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், முன்னம் என்பனவும் அடங்கும். யார், யாரிடம், எங்கு நின்று பேசுகிறார் என்பதைப் பேச்சிலிருந்தே உணரவைப்பது முன்னம். அமெரிக்கப் பாடல்கள் மூன்றினை இவ்வுறுப்புகளின் துணையுடன் நோக்குவோம்.

கூற்று மாறுதலும் பொருள் விரிதலும்

ஓட்டிஸ் ரெடிங் எழுதி 1965இல் பாடி வெளியிட்ட ‘ரெஸ்பெக்ட்’, வீடு திரும்பும் ஆணின் கூற்றாகும். தன் பணம் முழுவதையும் அவளுக்கே தர முன்வருகிறான். தான் இல்லாத வேளையில் அவள் தவறினாலும் பொறுப்பதாகச் சொல்கிறான். வீடு வந்ததும் மதிப்பு மட்டும் வேண்டும் என்கிறான். பொருள் தருபவனுக்கு மதிப்பு உரியது என்னும் எண்ணமே பாடலின் அடித்தளம்.

1967 பிப்ரவரி 14 அன்று நியூயார்க்கில் அரேதா ஃபிராங்க்ளின் இதனைப் பதிவுசெய்தார். களன் மாறவில்லை: அதே வீடு, அதே வருகை. வெளியே சென்று திரும்புபவன் இப்போதும் ஆணே. எனினும் மூன்று மாற்றங்கள் பாடலைப் புரட்டிவிடுகின்றன.

முதலாவது, பணம் பெண்ணுடையதாகிறது. காத்திருப்பவளே கொடுப்பவளாகவும் இருக்கிறாள். பொருள்வயிற் பிரிந்து மீளும் தலைவனையும் ஆற்றியிருக்கும் தலைவியையும் அறிந்த நமக்கு, இத்தலைகீழ் மாற்றத்தின் வன்மை எளிதில் புலப்படும்.

இரண்டாவது, தவறு பற்றிய பகுதி. ரெடிங்கின் ஆண், பெண் தவறக்கூடும் என்று முன்கூட்டியே எண்ணி மன்னிக்கிறான். ஃபிராங்க்ளினின் பெண் அம்மன்னிப்பை ஏற்கவில்லை. தான் தவறப்போவதில்லை என்கிறாள். தனக்கு அதில் விருப்பமில்லை என்பதையே காரணமாகக் கூறுகிறாள். உண்மையாயிருத்தல் இங்குக் கணவன் விதித்த கடமையன்று, அவள் தேர்ந்த நிலை. இப்பாடல் குறித்த பேச்சுகளில் குறைவாகவே கவனம்பெறும் இவ்விடமே, என் கருத்தில், அதன் மையம்.

மூன்றாவது, தலைப்புச் சொல்லை எழுத்தெழுத்தாக உச்சரிக்கும் பகுதி. இது ரெடிங்கின் வடிவில் இல்லை. கேட்டும் கொடாதவனுக்கு எழுத்துக்கூட்டிக் கற்பிக்கும் தொனி இதில் அமைகிறது. உடன்பாடிய கரோலின், எர்மா ஆகிய இருவரும் அவருடைய உடன்பிறந்தோர். அவர்களது குரல் தோழியர் குரலாக ஒலிப்பதால் ஒருத்தியின் கூற்று பலர் கூற்றாகிறது. கூற்று விரியக் கேட்போரும் விரிந்தனர். 1967 ஜூனில் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பெற்ற இப்பாடல், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்திற்கும் பெண்ணுரிமை இயக்கத்திற்கும் பொதுப்பாடலாயிற்று. அதே மாதம் மான்டெரி விழாவில் ரெடிங், ஒரு பெண் தம்மிடமிருந்து எடுத்துக்கொண்ட பாடல் என்று நகைச்சுவையாகக் கூறியே இதனைப் பாடினார்.

ஆயினும் சட்டம் கூற்றை அறியாது. வானொலியில் பாடல் ஒலிக்கும்போது அமெரிக்காவில் தொகை பெறுவோர் பாடலாசிரியரும் வெளியீட்டாளருமே. பாடியவருக்கு அதில் பங்கில்லை. பாடலின் பொருளையே மாற்றியவருக்கு, அம்மாற்றத்தின் பொருட்டு வானொலி எதுவும் அளிக்கவில்லை.

கூற்று அழிதல்

மறுபாடல் எப்போதும் விடுதலை தருவதன்று. லீபர், ஸ்டோலர் இருவரும் எழுத, பிக் மாமா தார்ன்டன் 1952இல் பதிவுசெய்த ‘ஹவுண்ட் டாக்’, தன்னை உறிஞ்சி வாழும் ஆணை வாயிலிலிருந்து விரட்டும் பெண்ணின் கூற்று. நாய் அங்கு உருவகம். 1956இல் எல்விஸ் பிரெஸ்லி பாடிய வடிவம், ஃபிரெடி பெல் குழுவினர் மாற்றிய சொற்களைத் தழுவியது. அதில் முயல் பிடிக்கத் தெரியாத நாய் ஏறத்தாழ நாயாகவே நின்றுவிடுகிறது. பேசுபவர் யார், எவரை விரட்டுகிறார் என்பதை உணர்த்தும் முன்னம் மறைகிறது. பெண்ணின் இடத்தில் ஆண் வந்து நின்றான் என்றுகூடச் சொல்வதற்கில்லை. பேசும் இடமே வெறுமையாயிற்று. பரந்த உலகம் அறிந்தது இவ்வடிவத்தையே.

சொல் மாறாமல் கூற்று மாறுதல்

டாலி பார்ட்டன் 1973இல் வெளியிட்ட ‘ஜொலீன்’, தன் ஆணைக் கவர்ந்துவிடாதே என ஒரு பெண் மற்றொரு பெண்ணிடம் இறைஞ்சுவது. ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழுவின் ஜாக் ஒயிட் இதனைப் பாடியபோது பாற்சொற்களை மாற்றவில்லை. பெண்ணின் இறைஞ்சல் ஆண்குரலில் வருகையில், அது ஆணை நேசிக்கும் ஆணின் கூற்றாகவும், பெண்கூற்றை ஏற்று நிற்கும் கலைஞனின் கூற்றாகவும் கேட்கிறது. மாறாக, பியான்சே 2024இல் சொற்களை மாற்றி இறைஞ்சலை எச்சரிக்கையாக்கினார். பெண் வலிமை பெற்றாள். ஆனால் தன் தோல்வியைத் தோற்கக்கூடியவளிடமன்றி வெல்லக்கூடியவளிடமே ஒப்புக்கொள்ளும் மூலத்தின் அரிய துணிவு குறைந்தது. வலிய குரலே முற்போக்குக் குரல் எனக் கொள்ளுதல் திறனாய்வாகாது.

சொல்லை மாற்றாத இம்மரபு தமிழுக்குப் புதிதன்று. நம்மாழ்வார் மகளாகவும் தாயாகவும் தோழியாகவும் பாடினார். வைணவ மரபு அவரைப் பராங்குச நாயகி என்றே போற்றிற்று. மேலும், தமிழில் தன்மை வினைமுற்று பால் காட்டாது, படர்க்கையே காட்டும். ஆகவே ‘நான்’ என்று பாடுவோர் எவராயினும் அக்கூற்றினுள் புகத் தமிழ் இலக்கணமே இடமளிக்கிறது.

முடிவுரை

சில ஆண்டுகளுக்கு முன் நான் வாழும் நகரில் நடந்த ஒரு தமிழ் நிகழ்ச்சியில், ஆண் கூற்றாக அமைந்த பழைய பாடலொன்றைப் பாடவந்த மாணவியிடம், ‘அவள்’ என்னுமிடமெல்லாம் ‘அவன்’ என மாற்றிப் பாடுமாறு அமைப்பாளர் ஒருவர் பணித்தார். அவள் மாற்றிப் பாடினாள். அவையினர் கைதட்டினர், நானும் தட்டினேன். எதுகை குலைந்தது சிறு இழப்பு. தன்னதல்லாத கூற்றில் நின்று பேசும் உரிமையை ஓர் இளம்பெண்ணுக்கு மறுத்தோம் என்பதே பேரிழப்பு. மறுபாடலில் சொல் மாறியதா என்பதைவிட, மாற்றம் எவருக்குப் பேசும் இடம் தந்தது, எவரிடமிருந்து அதைப் பறித்தது என்பதே நாம் கேட்கவேண்டிய வினா. ஃபிராங்க்ளின் தாமே மாற்றினார். அம்மாணவிக்காகப் பிறர் மாற்றினர்.