எல்லைப்புறக் கதைப்பாடல்களிற் பகையும் பரிவும்

மத்திய காலத்தில் இங்கிலாந்துக்கும் ஸ்கொத்லாந்துக்கும் இடையே நிலவிய உறவினை மாணவர் பெரும்பாலும் போர்களின் அட்டவணையாகவே கற்கின்றனர். 1296 இல் முதலாம் எட்வேட் பேரிக் நகரைச் சூறையாடியமை, 1314 இல் றொபேட் புரூஸ் பனக்பேண் களத்தில் வென்றமை, 1328 இல் ஆங்கில அரசு ஸ்கொத்லாந்தின் சுதந்திரத்தை ஒப்புக்கொண்டமை, 1333 இல் ஹலிடன் குன்றில் ஸ்கொத்லாந்தர் தோல்வியுற்றமை ஆகியன பரீட்சைக்கு வேண்டுவனவே. எனினும், ஆண்டுகளை மனனஞ் செய்வதால் அவ்விரு நாட்டு மக்களும் ஒருவரையொருவர் எவ்வாறு கருதினர் என்பது புலனாகாது. அதனை அறியப் புகுவார்க்கு எல்லைப்புறக் கதைப்பாடல்கள் பெருந்துணை புரிவன. அவற்றுள் ‘ஒற்றபேண் போர்’, ‘செவியட் வேட்டை’ என்னும் இரண்டினை ஈண்டு ஆராய்வாம். பின்னையது ‘செவி சேஸ்’ என்னும் பெயரால் பெரிதும் அறியப்படுவது.

இப்பாடல்கள் அறிஞரின் பாராட்டைப் பெற்றவை. பேர்சி, டக்லஸ் என்போரைப் பற்றிய பழம்பாட்டைக் குருட்டுப் பாணன் ஒருவன் பாடக் கேட்பினும், எக்காளம் முழங்கக் கேட்டாற்போலத் தம் நெஞ்சு கிளர்ந்தெழும் என்றார் சேர் பிலிப் சிட்னி. 1711 இல் ‘ஸ்பெக்டேற்றர்’ இதழில் இரு கட்டுரைகள் வரைந்த அடிசன், செவி சேஸ் பாடலை வேர்ஜிலின் காப்பியத்தோடு ஒப்பிட்டதோடு அமையாது, பிரபுக்களின் பிணக்கால் விளையுங் கேட்டை உணர்த்துதலே அப்புலவனின் நோக்கம் எனவும் உரைத்தார். சிட்னி கண்டது வீரம். அடிசன் கண்டது அறம். அடிசனின் கூற்று முற்றும் பொருந்துமோ என்பதே இக்கட்டுரையில் யாம் எழுப்பும் வினா.

இரு அரசுகளுக்கும் இடைப்பட்ட எல்லைப்புறம் தனக்கெனச் சட்டமும் வழக்கமும் உடைய நிலமாக விளங்கியது. 1249 இலேயே இரு நாட்டு வீரர் பன்னிருவர் பன்னிருவராகக் கூடி எல்லைச் சட்டங்களை வரையறுத்தனர். ஆயினும், தமிழிலக்கண நூலார் வெட்சி எனவும் கரந்தை எனவும் வகுத்தவற்றை ஒப்ப, ஆநிரை கவர்தலும் மீட்டலும் அங்கு ஓயாது நிகழ்ந்தன. ஆங்கிலப் புறத்திற் பேர்சி குடியும், ஸ்கொத்லாந்துப் புறத்தில் டக்லஸ் குடியும் வலிமை மிக்கன. ஆதலின், இரு நாடுகளின் பகை இவ்விரு குடிகளின் பகையாகவே பாடல்களில் உருக்கொண்டது.

1388 ஆம் ஆண்டு ஆகஸ்ற் மாதத்தில் டக்லஸ் பிரபு இங்கிலாந்தினுட் புகுந்து சூறையாடி மீள்கையில், ஹொட்ஸ்பர் எனப்பட்ட ஹென்றி பேர்சி அவனை ஒற்றபேண் என்னுமிடத்தில் தாக்கினான். டக்லஸ் களத்தில் மாண்டான், எனினும் வெற்றி ஸ்கொத்லாந்தர்க்கே கிட்டியது, பேர்சி சிறைப்பட்டான். இரு தரப்பினரிடமுங் கேட்டறிந்து இப்போரை எழுதிய புரோசார் என்னும் வரலாற்றாசிரியர், தன் இறப்பை மறைத்துக் கொடியை உயர்த்துமாறு டக்லஸ் பணித்தான் என்பர். ஸ்கொத்லாந்தில் வழங்கும் பாடலோ, இறந்தவன் ஒருவன் போரை வெல்வதாகக் கனவு கண்ட டக்லஸ், அவன் தானே என உணர்ந்ததாகக் கூறும். தன்னை மறைத்துக் கிடக்கும் புதருக்கே பேர்சியைச் சரணடையச் செய்வதும் அப்பாடலே.

செவியட் வேட்டையைப் பாடிய ஆங்கிலப் புலவன் இவ்வரலாற்றைப் பெரிதும் மாற்றிவிடுகின்றான். டக்லஸின் எதிர்ப்பையும் பொருட்படுத்தாது செவியட் மலையில் மூன்று நாள் வேட்டையாடுவேன் எனப் பேர்சி சூளுரைக்கின்றான். போருக்குக் காரணம் நாட்டின் நலனன்று, ஒருவனது செருக்கே. டக்லஸ் படையுடன் வந்து, குற்றமற்ற வீரர் மடிதல் தகாது, நாமிருவரும் தனித்துப் பொருவோம் என்கின்றான். பேர்சியும் இசைகின்றான். அந்நிலையில் விதறிங்டன் என்னும் ஏவலாளன், தன் தலைவன் பொருதுகையில் தான் வாளாவிருந்து காண்பது இழுக்கு என மறுக்கின்றான். தலைவர் காட்டிய இரக்கத்தைத் தொண்டனின் விசுவாசம் தடுத்து நிறுத்துகின்றது. கதையின் துயரம் முழுவதும் இவ்விடத்திற் கருக்கொள்கின்றது. விசுவாசம் குற்றமன்று, ஆயினும் இங்கு அதுவே பேரழிவுக்கு வாயிலாகின்றது. இதனை விளக்கிக் கூறாது, நிகழ்ச்சியாற் காட்டி விடுதல் புலவனின் திறனாகும்.

டக்லஸ் அம்புபட்டு வீழ்கின்றான். பேர்சி இறந்தவனின் கையைப் பற்றி, அவனை உயிர்ப்பிக்கக் கூடுமாயின் தன் நிலங்களை மூன்றாண்டு இழக்கவும் ஒருப்படுவேன் எனப் புலம்புகின்றான். பகைவனை வென்றவிடத்து மகிழாது இரங்கும் இப்பகுதியே பாடலின் உயிர்நிலை. அப்புலம்பல் ஓயுமுன்னர் மொண்ட்கொமரி என்னும் ஸ்கொத்லாந்து வீரன் பேர்சியைக் குத்திக் கொல்கின்றான். அவனை ஓர் ஆங்கில வில்லாளன் எய்து வீழ்த்துகின்றான். பழைய வடிவத்தின்படி ஆயிரத்தைந்நூறு வில்லாளருள் எழுபத்துமூவரும், இரண்டாயிரம் வேலாளருள் ஐம்பத்தைவருமே எஞ்சினர். மறுநாட் பெண்கள் அழுதுகொண்டு வந்து, மரக்கிளைகளாற் பாடை அமைத்துத் தம் கணவரின் உடல்களை எடுத்துச் செல்கின்றனர். அவர்களை எந்நாட்டார் எனப் புலவன் பிரித்துக் கூறாமை நோக்கற்பாலது.

பாடல் இவ்விடத்தில் முடிந்திருப்பின் அடிசனின் கருத்து முற்றும் பொருந்தியிருக்கும். ஆனால் அது அங்கு முடியவில்லை. செய்தி கேட்ட ஸ்கொத்லாந்து மன்னன், டக்லஸுக்கு நிகரான தலைவன் இனி இல்லை எனக் கலங்குகின்றான். ஆங்கில மன்னனோ, பேர்சியை ஒத்தார் நூற்றுவர் எனக்குளர் எனத் தேறி, பழிவாங்கவும் உறுதிகொள்கின்றான். ஹம்பிள்டன் போரில் அப்பழி தீர்ந்தது என்பது பாடல். புலவன் தன் நாட்டின் பக்கஞ் சாய்ந்தமை இதனால் வெளிப்படை. கணவரை இழந்த பெண்களின் அழுகைக்குப் பின்னர் அவன் நமக்கு அளிக்கும் ஆறுதல் இன்னுமொரு போர்க்களமே. எனவே, பகையின் கேட்டை அவன் உணர்ந்தான் எனலாம். அதனை விலக்கினான் எனல் பொருந்தாது.

வரலாறு இவ்விடத்திற் பாடலினும் வியப்புடையது. ஹம்பிள்டன் போர் நிகழ்ந்தது 1402 இல். ஒற்றபேணிற் சிறைப்பட்டு மீண்ட அதே ஹொட்ஸ்பர் அப்போரில் ஆங்கிலப் படைத்தலைவருள் ஒருவனாக நின்று வென்றான்! தன் சாவுக்குத் தானே பழிவாங்கிய விந்தையைப் புலவன் அறிந்திலன் போலும். அங்கே பேர்சியிடம் சிறைப்பட்டோருள் அக்காலத்து டக்லஸ் பிரபுவும் ஒருவன். அடுத்த ஆண்டே ஹொட்ஸ்பர் தன் மன்னனாகிய நான்காம் ஹென்றிக்கு எதிராகக் கிளர்ந்தபோது, அந்த டக்லஸ் அவன் பக்கம் நின்றே சூறூஸ்பெரிக் களத்திற் பொருதான். அங்கு ஹொட்ஸ்பர் மடிந்தான். டக்லஸ் மீண்டுஞ் சிறைப்பட்டான். பாடலில் ஒருவரையொருவர் அழித்த குடிகளை வரலாறு ஒரே அணியில் நிறுத்தியது. பிறவிப் பகை எனப் பேசப்படுவது காலத்தோடு மாறுந் தன்மையதே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆதலின், இக்கதைப்பாடலை வீரப்பாட்டெனக் கொண்டாடுவாரும் அறவுரையெனப் போற்றுவாரும் அதன் ஒரு பாதியையே கண்டவராவர். மாற்றானின் கையைப் பற்றி அழும் உள்ளமும், மறுகணமே பழிவாங்க எழும் உள்ளமும் ஒரே சமுதாயத்தில் அருகருகே வாழ்ந்தன என்பதே அது உரைக்கும் உண்மை. வகுப்பிற் போர்களின் ஆண்டுகளைக் கற்பிக்கும் ஆசிரியர், பாடை சுமந்து சென்ற பெண்களைப் பற்றிய அப்பகுதியையும் ஒருமுறை படித்துக் காட்டுவாராக. வென்றவர் யார் என்னும் வினாவுக்கு விடை எழுதப் பழகிய மாணவர், இழந்தவர் யார் என்னும் வினாவையும் தாமே எழுப்ப அது வழிசெய்யும்.