அலகிடுதலும் இயற்றுதலும்: மாணவர்க்குப் பாவகைகளை எழுதப் பயிற்றுவித்தல் குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

உயர்கல்வித் தமிழ் வகுப்புகளில் யாப்பிலக்கணம் பெரும்பாலும் செய்யுளைப் பகுத்துக்காட்டும் கருவியாகவே பயிலப்படுகிறது. செய்யுளை இயற்றும் ஆற்றல் அதனால் தானே விளைந்துவிடும் என்னும் எதிர்பார்ப்பு பொருத்தமானதன்று. ஒரே பொருளை வெண்பா, ஆசிரியப்பா, ஐக்கூ ஆகிய வடிவங்களில் அமைத்துப் பார்ப்பதன்வழி, ஒவ்வொரு வடிவமும் மாணவரிடம் வேறுவேறு திறனைக் கோருகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: யாப்பு, வெண்பா, ஆசிரியப்பா, புதுக்கவிதை, ஐக்கூ, படைப்புப் பயிற்சி

முன்னுரை

இளங்கலை, முதுகலைத் தமிழ்ப் பாடத்திட்டங்களில் அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகைக்கு நிலையான இடம் உண்டு. எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என உறுப்புகளை வரிசைப்படுத்தி, அவற்றாலாகிய பாக்களையும் பாவினங்களையும் அந்நூல் விளக்குகிறது. வகுப்பறையும் அவ்வரிசையையே பின்பற்றுகிறது. தேர்வில் ஒரு குறளைத் தந்து அலகிட்டு வாய்பாடு கூறுமாறு கேட்பது வழக்கம். மாணவர் பிழையின்றி விடை எழுதுகிறார். ஆனால் ஒரு குறள் வெண்பாவேனும் தாமே இயற்றுமாறு கேட்டால் அவரே தயங்குகிறார். முடிந்த செய்யுளைப் பிரித்தறிவதும் முடியாத செய்யுளை முடித்துவைப்பதும் இருவேறு செயல்கள் என்பதே இத்தயக்கத்திற்குக் காரணம்.

மரபுவழிப் பயிற்சியின் இயல்பு

முற்காலத்துப் பாடம் கேட்கும் முறையில் இவ்விரு செயல்களும் பிரிந்திருக்கவில்லை. காரிகை நூலே இதற்குச் சான்றாகும். இலக்கணம் கூறும் அதன் செய்யுள்கள் கட்டளைக் கலித்துறை யாப்பில் அமைந்துள்ளமையால், நூலை மனனம் செய்யும் மாணாக்கன் விதியோடு ஓர் யாப்பின் ஓசையையும் செவியில் ஏற்றுக்கொண்டான். ஈற்றடியைக் கொடுத்து முன்னடிகளை அமைக்கச் சொல்லும் பயிற்சியும் புலவரிடையே நிலவியது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுள்களைச் சொல்லச் சொல்ல மாணாக்கர் எழுதிய செய்தியை உ.வே. சாமிநாதையர் தம் 'என் சரித்திரம்' நூலில் பதிவு செய்துள்ளார். செய்யுள் உருவாகும் போக்கினையே உடனிருந்து காணும் வாய்ப்பு அம்மாணாக்கருக்குக் கிடைத்தது. இன்றைய வகுப்பறை இழந்திருப்பது இவ்வாய்ப்பையே.

இருபதாம் நூற்றாண்டில் அ.கி. பரந்தாமனாரின் 'கவிஞராக', கி.வா. ஜகந்நாதனின் 'கவி பாடலாம்' ஆகிய நூல்கள் இவ்விடைவெளியை உணர்ந்து எழுந்தவை. இலக்கணத்தை எழுதுவோர் நோக்கில் அணுகும் இத்தகைய நூல்கள், பாடத்திட்டத்தில் காரிகைக்குத் துணையாக வைக்கத்தக்கவை.

விதியும் சொற்றேர்வும்

யாப்பு கற்பனையைத் தடுக்கும் என்பது படைப்புப் பயிற்சிக்கு எதிராகப் பலகாலும் கூறப்படும் கருத்து. இதனை ஒரு சோதனையால் ஆராயலாம். நீர் வற்றிய ஒரு குளத்தின் படிகளைக் கண்ட மாணவர், 'நீர் வற்றிப் போன குளத்தில் படிக்கட்டுகள் யாருக்காகக் காத்திருக்கின்றன?' என எழுதுவதாகக் கொள்வோம். உணர்ச்சி உண்டு; தொடர் உரைநடையே. இதனைக் குறள் வெண்பாவாக்க முயலும்போது முதல் மூன்று சீர்களும் தளை பிறழாமல் அமைந்துவிடுகின்றன. 'படிக்கட்டுகள்' என்பது புளிமாங்கனி; கனிச்சீர் வெண்பாவில் வாராது. 'யாருக்காக', 'காத்திருக்கின்றன' ஆகிய இரண்டும் நாலசைச் சீர்கள், அவையும் வாரா. எனவே மாணவர் பன்மை விகுதியை நீக்கவும் வினையை மாற்றவும் வேண்டியவராகிறார்.

நீர்வற்றிப் போன குளத்தில் படிக்கட்டு
யார்க்காய் இறங்கும் இனி?

தேமாங்காய், தேமா, புளிமா, புளிமாங்காய், தேமா, புளிமா, மலர் எனச் சீர்கள் அமைகின்றன. காய் முன் நேரும் மா முன் நிரையும் வந்து வெண்டளை பிழையாது நிற்கின்றது. நீர், யார் என அடியெதுகையும் உண்டு. இங்குக் கருதத்தக்கது இலக்கண அமைதி மட்டுமன்று. 'காத்திருத்தல்' என்பது பலரும் எடுத்தாண்டு தேய்ந்த சொல். யாப்பு அதனை விலக்கியதால், மாணவர் படியின் தொழிலையே நோக்கி 'இறங்கும்' என்னும் வினையைக் கண்டடைகிறார். மக்கள் இறங்கிய படி இப்போது தானே இறங்குவதாகிறது. எளிதில் கைக்கு வந்த சொல்லை மறுத்து அடுத்த சொல்லைத் தேடச் செய்வதே யாப்பின் கல்விப்பயன். 'இனி' என்னும் ஓரசைச்சீரில் முடியும் ஈற்றடி, கருத்தை எங்கே நிறுத்துவது என்பதையும் கற்பிக்கிறது.

இதே பொருள் ஆசிரியப்பாவில் வேறு வகையாக விரியும்.

ஊரார் நீங்கிய குளத்தின் ஓரம்
ஏறவும் இறங்கவும் எவரும் இன்றிப்
பாசி காய்ந்த படிகள்
பகலை எண்ணிக் கிடந்தன தனித்தே.

ஈற்றயலடி முச்சீராய் வந்த நேரிசை ஆசிரியப்பா இது. ஆசிரியத்தளை மிகுந்து, பிறதளையும் விரவியுள்ளது. வெண்பா வினாவில் முடித்ததை இது காட்சியாக அடுக்குகிறது. இறுக்கம் குறைவு, விவரிப்புக்கு இடம் மிகுதி. ஆகவே சொற்சுருக்கம் பயில வெண்பாவும், காட்சித் தொடர்ச்சி பயில ஆசிரியப்பாவும் ஏற்றவை எனலாம். நான்கு பாக்களையும் ஒரே முறையில், ஒரே வரையறைப் பட்டியலாக நடத்துவதால் இவ்வேறுபாடு மாணவருக்குப் புலப்படாமற் போகிறது.

யாப்புப் பயிற்சியில் ஒரு தீங்கும் நேரக்கூடும். சீரை நிரப்புவதற்காகத் 'தான்', 'நன்றாய்', 'அந்த' போன்ற சொற்களை மாணவர் பொருளின்றிச் சேர்ப்பதுண்டு. தளை சரியாக இருப்பதால் ஆசிரியரும் மதிப்பெண் வழங்கிவிடுகிறார். ஒரு சொல்லை நீக்கினால் ஓசை மட்டும் குன்றுகிறதா, பொருளும் குன்றுகிறதா என்னும் வினாவைத் திருத்தத்தின்போது எழுப்புவது இதற்கு மாற்றாகும். ஓசை மட்டும் குன்றுமாயின் அச்சொல் வெற்றுநிரப்பே.

புதுக்கவிதையும் ஐக்கூவும்

ந. பிச்சமூர்த்தி 1930களில் தொடங்கிவைத்த முயற்சி, 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழின்வழி வலுப்பெற்றுப் புதுக்கவிதையாக நிலைகொண்டது. யாப்பை நன்கறிந்தோரும் அறிந்தே அதனை விலக்கினர் என்பது கருதத்தக்கது. வகுப்பறையிலோ புதுக்கவிதை 'விதியற்றது' என எதிர்மறையாக அறிமுகம் செய்யப்படுகிறது. அதன் விளைவாக, உரைநடைத் தொடரை மடித்து எழுதுவதே கவிதை என மாணவர் கொள்கின்றனர். அடி எங்கே முறிகிறது, ஏன் அங்கே முறிகிறது என ஒவ்வோர் அடிக்கும் காரணம் கூறச் செய்தல் வேண்டும். மரபில் தளை தீர்மானித்ததைப் புதுக்கவிதையில் எழுதுவோரே தீர்மானிக்கின்றனர். பொறுப்பு கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை.

ஜப்பானியக் கவிதையைப் பாரதியார் 1916இல் சுதேசமித்திரனில் எழுதிய கட்டுரையின்வழித் தமிழர்க்கு அறிமுகப்படுத்தினார். அமுதபாரதியின் 'புள்ளிப் பூக்கள்' 1984இல் வெளிவந்தபின் தமிழ் ஐக்கூ தொகுப்புகள் பெருகின. 5, 7, 5 என்னும் கணக்கை அப்படியே தமிழெழுத்துக்கு ஏற்றுவது வகுப்பறையில் காணப்படும் பிழைகளுள் ஒன்று. ஜப்பானிய மொழியில் மெல்லொற்றும் நெடிலின் நீட்சியும் தனித்தனி அலகுகளாக எண்ணப்படும். தமிழிலோ, எழுத்தெண்ணிப் பாடும் கட்டளைக் கலித்துறையில்கூட ஒற்று கணக்கில் சேராது. இரு மொழிகளின் அளவைகளும் ஒன்றல்லாதபோது எண்ணிக்கையை நகலெடுப்பதால் பயனில்லை. ஐக்கூ பயிற்றுவது, கூறாது விடும் திறனையே.

வற்றிய குளம்
கடைசிப் படியில்
ஒரு நத்தை ஓடு

வெண்பாவில் இருந்த வினாவும் ஆசிரியப்பாவில் இருந்த தனிமையும் இங்குச் சொல்லப்படவில்லை. நத்தையின் வெற்றோடே அவற்றைச் சுமக்கிறது.

முடிவுரை

பாவகைகளைக் கற்பிக்கும் வரிசை உறுப்பிலிருந்து தொடங்காமல் ஓசையிலிருந்து தொடங்குதல் நலம். செப்பலோசையும் அகவலோசையும் செவிக்குப் பழகியபின் அசையும் சீரும் அவ்வோசைக்கான விளக்கங்களாக எளிதில் விளங்கும். ஒரே பொருளைப் பல வடிவங்களில் எழுதச் செய்து, வடிவம் மாறும்போது எதனை இழக்கிறோம், எதனைப் பெறுகிறோம் என மாணவரையே ஒப்பிடச் சொல்லுதல் அடுத்த நிலை. தேர்வில் அலகிடும் வினாவுடன், தளை பிறழ்ந்த ஒரு செய்யுளைத் திருத்தித் திருத்தத்திற்குக் காரணம் கூறும் வினாவும் இடம்பெறலாம். இப்பயிற்சி பெறும் எல்லாரும் கவிஞராவர் என்பதற்கில்லை. ஆனால் ஒரு சொல்லைத் தேடி அலைந்து பெற்ற மாணவர், பிறர் செய்யுளில் அச்சொல் ஏன் நின்றது என்பதையும் உணர்வார். தமிழிலக்கியம் கற்பிக்கப் போகும் தலைமுறைக்கு அவ்வுணர்வு இன்றியமையாதது.