மெய்புகு கருவி: கட்டைக்கூத்தின் மர அணிகளும் வீர உடலின் ஆக்கமும்

ஆய்வுச்சுருக்கம்

வட தமிழகக் கூத்து மரபில் அரசர், வீரர் ஆகிய வேடங்களுக்குரிய மர அணிகள் ‘கட்டை’ எனப்படுகின்றன. கூத்தாய்வுகளில் இவை பெரும்பாலும் ஒப்பனை, அணிகலன் என்னும் தலைப்பின்கீழ்ப் பட்டியலிடப்பட்டு விடப்படுகின்றன. கட்டையை அலங்காரமாக மட்டும் கொள்வது கூத்தின் பொருளைக் குறைத்துவிடும் என்றும், பழைய உரைமரபு கவசத்தைக் குறிக்க ஆண்ட ‘மெய்புகு கருவி’ என்னும் சொல்லே அதனை விளக்கத் தக்கது என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது. கட்டை செய்யப்படும் முறை, அது உடலில் பொருத்தப்படும் முறை, கர்ணன், துச்சாதனன், துரியோதனன் ஆகிய வேடங்களில் அது பெறும் பொருள் ஆகியன இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கட்டைக்கூத்து, தெருக்கூத்து, கவசம், மெய்ம்மறை, வேடம் கட்டுதல், கர்ண மோட்சம்

1. முன்னுரை

காஞ்சிபுரம், திருவண்ணாமலை, வேலூர், விழுப்புரம் வட்டாரங்களில் நிகழும் கூத்தினைப் பற்றி நூல்களும் பட்டங்களுக்கான ஆய்வேடுகளும் பல வெளிவந்துள்ளன. கூத்துப் பனுவல், இசை, திரௌபதி அம்மன் வழிபாட்டோடு கூத்துக்குள்ள உறவு, கூத்தரின் சமூகநிலை ஆகியன அவற்றில் விரிவாகப் பேசப்பட்டுள்ளன. ரிச்சர்டு ஃபிராஸ்கா 1990இல் வெளியிட்ட நூலும், ஹன்னா டி புருயின் 1999இல் வெளியிட்ட நூலும் இத்துறையில் அடிப்படையானவை. அவற்றைத் தொடர்ந்து தமிழில் எழுந்த ஆய்வேடுகள் பலவற்றில் கட்டைக்குக் கிடைக்கும் இடம் ஒன்றிரண்டு பக்கங்களே. கிரீடம், புஜக்கட்டை, மார்புப்பதக்கம், காதணி எனப் பெயர்களை நிரல்படுத்தி, ‘இவை பார்வையாளரைக் கவர்வன’ என்னும் முடிவோடு அப்பகுதி நிறைவுறுகிறது.

இம்முடிவு தவறானதன்று, ஆயினும் போதாதது. பார்வையாளரைக் கவர்வதே நோக்கமெனில், எல்லா வேடங்களும் கட்டை பெற்றிருக்க வேண்டும். கட்டியக்காரனுக்குக் கட்டை இல்லை. பெண் வேடங்களுக்கும் முனிவர்க்கும் இல்லை. அரசரும் வீரருமே அதனைப் பெறுகின்றனர். எனவே கட்டை வேடங்களை வகைப்படுத்தும் ஓர் இலக்கணமாகவே நிற்கிறது. அவ்விலக்கணம் யாது என்பதே இக்கட்டுரையின் வினா.

2. மெய்ம்மறையும் மெய்புகு கருவியும்

தமிழில் கவசத்தைக் குறிக்கும் பழஞ்சொற்களுள் இரண்டு இங்கு நோக்கத்தக்கன. ஒன்று பதிற்றுப்பத்தில் பயிலும் ‘மெய்ம்மறை’. அங்குச் சேர மன்னன் தன் வீரர்க்கு மெய்ம்மறையாக நிற்பவன் எனப் போற்றப்படுகிறான். இச்சொல் மறைத்தல், காத்தல் என்னும் செயல்களை முதன்மையாக்குகிறது. மற்றொன்று புறநானூற்றின் பழைய உரை கவசத்தை விளக்கும்பொழுது தரும் ‘மெய்புகு கருவி’. உடல் நுழைவதற்குரிய கருவி என்பது இதன் பொருள். இதில் காத்தல் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. உடலுக்கும் கருவிக்கும் உள்ள உறவே சொல்லப்படுகிறது.

உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடிய 13ஆம் புறப்பாட்டில் வரும் சோழனின் கவசம் அம்புகளால் சிதைந்தது. முழுமையான கவசத்தினும் சிதைந்த கவசமே அங்கு வீரத்தின் சான்றாகிறது. காத்தலில் ஓரளவு தோற்ற கவசமே புலவரின் கண்ணில் படுகிறது எனில், கவசத்தின் இலக்கியப் பயன் காத்தலோடு முடிவதில்லை என்பது தெளிவு. அணிந்தவன் யார் என்பதை அது பிறர்க்கு அறிவிக்கிறது. ‘இவன் யார்’ என்னும் வினாவிற்கு விடையாகவே அப்பாட்டு அமைந்திருப்பதும் இங்குக் கருதத்தக்கது. கூத்தில் திரைக்குப் பின்னின்று தன்னை அறிவித்துக்கொண்டு வெளிப்படும் கட்டை வேடமும் இதே வினாவிற்கே விடை கூறுகிறது. புறப்பாட்டிலிருந்து கூத்து தோன்றியது என இங்குக் கூறவில்லை. கவசத்தை நோக்கும் இருவேறு முறைகள் தமிழில் முன்பே பிரித்துணரப்பட்டுள்ளன என்பதும், அப்பிரிப்பு நமக்கு இன்றும் பயன்படுகிறது என்பதுமே கூற்று.

3. கட்டையின் ஆக்கமும் பொருத்தமும்

கட்டை கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கப்படுகிறது. அதன்மேல் வண்ணமும் சரிகைத் தாளும் கண்ணாடித் துண்டுகளும் பதிக்கப்படுகின்றன. இம்மூன்று தெரிவுகளுக்கும் காரணம் உண்டு. இரவு முழுதும் ஆடுவோர்க்கு எடை குறைவு இன்றியமையாதது. தீவட்டியும் பின்னர்ப் பெட்ரோமாக்சு விளக்கும் தந்த அசையும் ஒளியைச் சிதறடித்துத் தொலைவிலிருப்போர்க்கும் உருவத்தைக் காட்டக் கண்ணாடி உதவியது. தோள்களுக்கு அப்பால் இருபுறமும் விரியும் புஜக்கட்டையும் உயர்ந்த கிரீடமும் உடலின் எல்லையை மாற்றிவிடுகின்றன. இடுப்பைச் சுற்றிப் பல மடிப்புத் துணிகளைக் கட்டி அதன்மேல் அணியப்படும் விரிந்த பாவாடை கீழுடலையும் அவ்வாறே பெருக்குகிறது. ஆடுவோனின் உடல் அளவு எதுவாயினும், களரியில் தோன்றுவது மற்றோர் அளவுடைய உடல்.

இவ்வணிகளை உடலில் நிறுத்துவது கயிறும் துணியும் முடிச்சுமே. பொருத்துதலில் இரண்டு தேவைகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. கூத்தர் விரைந்து சுழலும் கிறிக்கியை ஆடவேண்டும். அப்போது அணி நழுவலாகாது. ஆகவே கட்டு இறுக வேண்டும். அதே கூத்தர் உச்சக் குரலில் பாடவும் வேண்டும். அதற்கு மார்பும் விலாவும் விரிய இடம் வேண்டும். ஆகவே கட்டு நெகிழ வேண்டும். கிரீடத்தின் கட்டு தளர்ந்தால் அது சாயும். மிக இறுகினால் நெற்றியும் தாடையும் வலியெடுக்கும். எவ்விடத்தில் எவ்வளவு இறுக்குவது என்பது எழுத்தில் இல்லாத அறிவு. தனக்கும் உடன் ஆடுவோர்க்கும் பலமுறை கட்டிப் பார்த்தே அது கைவரும்.

இவ்விடத்தில் வழக்குச்சொல் நமக்கு வழிகாட்டுகிறது. கூத்தர் வேடம் ‘அணிவது’ எனக் கூறுவதில்லை. வேடம் ‘கட்டுவது’ என்றே கூறுவர். அணிதல் முடிந்த பொருளொன்றை மேலே இடுவது. கட்டுதல் இல்லாத ஒன்றை ஆக்குவது. வீடு கட்டுதல், பாட்டுக் கட்டுதல் என்பனபோல. ‘கட்டை’ என்னும் சொல்லும் மரத்தை மட்டும் குறிப்பதன்று. பேச்சுத்தமிழில் அது உடலையும் குறிக்கும். இசைவழக்கில் சுருதி அளவையும் குறிக்கும். மூன்றும் ஒரே வேரின என இங்கு நிறுவ முயலவில்லை. எனினும் மரம், உடல், குரல் ஆகிய மூன்றும் ஒருங்கிணைய வேண்டிய இடம் கட்டை வேடமே என்பது செய்முறையால் விளங்குகிறது.

4. கவசம் இழந்தவனின் கட்டை

கட்டை கவசமே எனக் கொள்வார்க்கு முதல் தடை கர்ணன். அவன் கவசகுண்டலங்களோடு பிறந்தவன். அவற்றை இந்திரனுக்கு ஈந்தவன். கர்ண மோட்சக் கூத்து அவனது இறுதி நாளைப் பொருளாகக் கொண்டது. அந்நாளில் அவனுக்குக் கவசம் இல்லை. ஆயினும் களரியில் கர்ணன் கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப்பதக்கமும் பூண்டு முழு வேடத்துடனேயே தோன்றுகிறான். கட்டை மெய்ம்மறை எனின் இது கதைக்கு முரண்.

இம்முரணைக் கூத்தரின் கவனக்குறைவு எனவோ, அரச வேடத்திற்குரிய பொது வழக்கு எனவோ ஒதுக்கிவிடலாம். பொது வழக்கு என்பது உண்மையே. ஆனால் அவ்வழக்கே இங்கு ஒரு பொருளைத் தருகிறது. கர்ணன் இழந்தது உடலைக் காக்கும் கவசம். இழக்காதது அவனைக் கர்ணன் என அறியச்செய்யும் பெருமை. பார்வையாளர் அவன் கவசமற்றவன் என்பதைக் கதையால் அறிவர். கண்ணால் காண்பதோ ஒளிரும் மார்பு. பொன்னுருவியோடு அவன் உரையாடும்பொழுதும் சல்லியன் தேரோட்ட அவன் களம் புகும்பொழுதும் இவ்விரு அறிவுகளும் ஒருங்கே இயங்குகின்றன. மிக உறுதியாகத் தோன்றும் உடலே மிக எளிதில் துளைக்கப்படக்கூடியது என்னும் அவலம் இதனால் சொல்லின்றியே உணர்த்தப்படுகிறது. வில்லிபாரதத்தில் கர்ணன் தன் புண்ணியத்தையும் குருதியால் தாரைவார்க்கிறான். ஈவதற்கு உடல் ஒன்றே எஞ்சியவனை மரத்தால் கட்டிய உடலோடு நிறுத்துவது கூத்தின் வலிமை.

5. துகிலும் தொடையும்

திரௌபதி துகிலுரிதல் காட்சியில் கட்டையின் எல்லை தெரிகிறது. துச்சாதனன் கட்டை வேடம். திரௌபதி சேலை உடுத்தவள். பல குழுக்களில் சூடம் ஏற்றி வழிபட்ட பின்னரே இக்காட்சி தொடரும். மரம் பூண்டவன் இழுக்கிறான். துணி பூண்டவள் காக்கப்படுகிறாள். முடிவில் ஓய்ந்துபோவது மரம் பூண்ட உடல். காக்கும் தொழிலைக் கூத்து துணிக்கே அளிக்கிறது, கட்டைக்கு அளிக்கவில்லை. மெய்ம்மறை என்னும் பெயர் இங்குப் பொருந்துமெனின் அது வளரும் சேலைக்கே பொருந்தும்.

பதினெட்டாம் போரில் துரியோதனன் தொடையில் அடிபட்டு வீழ்கிறான். கட்டை அணிகள் இடுப்புக்கு மேலேயே அமைகின்றன. இடுப்புக்குக் கீழே துணிதான். அவன் வீழும் இடம் கட்டை இல்லாத இடம். இதனைத் திட்டமிட்ட குறியீடு எனக் கூறுவதற்கில்லை. கதையே தொடையைக் குறித்துவிட்டது. எனினும் திரௌபதி அம்மன் விழாவின் படுகளத்தில் மண்ணால் ஆக்கப்பட்ட பெரும் துரியோதனன் உருவத்தின் அருகே கட்டை பூண்ட கூத்தர் நிற்கும்பொழுது, ஆக்கப்பட்ட உடல்கள் இரண்டு எதிரெதிரே தோன்றுகின்றன. மண்ணுடல் அங்கேயே அழியும். மரவுடல் அவிழ்க்கப்பட்டு அடுத்த ஊருக்குச் செல்லும்.

6. மதிப்பீடு

தெருக்கூத்து என்னும் பெயருக்கு மாற்றாகக் கட்டைக்கூத்து என்னும் பெயரை முன்வைத்தோர், முன்னது இழிவுக் குறிப்புடையது என்றும் பின்னது கலைஞரின் தொழிலைச் சுட்டுவது என்றும் வாதிட்டனர். 1990இல் தோன்றிய கட்டைக்கூத்துச் சங்கம் இப்பெயரை நிலைநிறுத்தியது. புரிசை மரபினர் உள்ளிட்ட பலர் தெருக்கூத்து என்னும் பெயரையே தொடர்ந்து வழங்குகின்றனர். இவ்விவாதம் பெரிதும் கலைஞரின் மதிப்பு, நிகழிடம் ஆகியவற்றைச் சுற்றியே நிகழ்ந்துள்ளது. கலைக்கே பெயரளித்த பொருளைப் பற்றிய ஆய்வு அதே அளவில் வளரவில்லை என்பது வியப்புக்குரியது.

இதன் விளைவு ஏட்டளவில் நிற்பதன்று. கட்டை அலங்காரம் எனக் கொள்ளப்படும் இடத்தில், வேடம் கட்டும் நேரம் நிகழ்வின் பகுதியாகக் கணக்கிடப்படுவதில்லை. விழா மேடைகளில் சில மணித்துளிகள் தோன்றுவதற்காக மணிக்கணக்கில் கட்டிக்கொள்ளும் உழைப்பு மதிப்பீட்டிற்கு வெளியே நின்றுவிடுகிறது. அருங்காட்சியகப் பேழையில் வைக்கப்படும் கட்டையில் செதுக்கு வேலை தெரியும். கயிறு செல்லும் வழி தெரியாது. நிழற்படப் பதிவுகளும் முடிந்த வேடத்தையே காட்டுகின்றன.

புஞ்சரசந்தாங்கல் சிற்றூரில் 2002 முதல் 2020 வரை இயங்கிய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் சிறுமியரும் பயின்று கட்டை வேடம் கட்டினர். ஆண்களே கட்டி வந்த வேடம் பெண்ணுடலில் கட்டப்பட்டபொழுதும் அரசன் அரசனாகவே தோன்றினான். வீர உடல் பிறப்பால் அமைவதன்று, கட்டி எழுப்பப்படுவது என்னும் நம் வாதத்திற்கு இதனினும் வலிய சான்று தேவையில்லை.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். எந்தப் போரிலும் எந்த அம்பையும் தடுக்காத ஒன்றைக் கவசத்தோடு இணைப்பது மிகை என்பர். கட்டை கவசத்தின் போலியாயின் இம்மறுப்பு செல்லும். இக்கட்டுரை கட்டையைக் கவசத்தின் படியாகக் கொள்ளவில்லை. கவசத்தின் இரு பண்புகளுள் காத்தலை விடுத்து, உடல்புகுதலை மட்டும் ஏற்ற கருவியாகவே கொள்கிறது.

7. முடிவுரை

கட்டை உடலை மறைப்பதன்று. ஓர் உடல் நுழைந்து மற்றோர் உடலாக வெளிப்படுவதற்குரிய கருவி. அதன் எடை, ஒளி, அளவு, கட்டு ஆகிய ஒவ்வொன்றும் ஆட்டத்தையும் பாட்டையும் கருதி அமைந்தவை. கர்ணனிடத்து அது இழப்பைக் காட்டுகிறது; துச்சாதனனிடத்துத் தன் இயலாமையைக் காட்டுகிறது. ஆகவே கூத்துப் பனுவல்களைப் பதிப்பிப்போர் பாட்டையும் வசனத்தையும் போலவே, எவ்வேடம் எக்கட்டையோடு தோன்றுகிறது என்பதையும் குறிக்க வேண்டும். கள ஆய்வாளர் திரை விலகும் நேரத்திலிருந்து அன்றி, முதல் முடிச்சு விழும் நேரத்திலிருந்தே பதிவைத் தொடங்க வேண்டும். முடிச்சின் அறிவு கூத்தரின் விரல்களில் உள்ளது; அவர்கள் ஆடிக்கொண்டிருக்கும் காலத்திலேயே அதனைக் கேட்டு எழுதுவது தமிழ் ஆய்வுலகின் உடனடிக் கடமை.