பிபிசி மைக்ரோவின் பவர் சப்ளை: எந்த கெபாசிட்டரைப் போடுவது?

பிபிசி மைக்ரோ கணினியின் பவர் சப்ளை கெட்டுப்போனதைப் பெரும்பாலும் மூக்குதான் முதலில் கண்டுபிடிக்கும். பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்த இயந்திரத்துக்கு மின்சாரம் கொடுத்துச் சிறிது நேரத்தில் காற்றுத் துளைகள் வழியே புகை கிளம்பும். கருகிய காகிதமும் பிசினும் கலந்த நாற்றம் அறையை விட்டுப் போக நாளாகும். வேடிக்கை என்னவென்றால், திரையில் எழுத்துகள் அப்படியே நிற்கும், கணினி ஓடிக்கொண்டேயிருக்கும். எரிந்தது, லைனில் வரும் இரைச்சலை வடிகட்டுகிற ஒரு கெபாசிட்டர் மட்டுமே. அது இல்லாமலும் சப்ளை வேலை செய்யும் என்பதால் பலர் அதைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள். இரைச்சல் வீட்டு வயரிங்குக்குள் போகும். பக்கத்தில் ரேடியோ கரகரக்கும். கழற்றிய இடத்தில் சரியானதைப் போடுவதே முறை.

1981 டிசம்பரில் இங்கிலாந்தில் வெளிவந்த இந்தக் கணினி இந்தியாவுக்குப் பள்ளிக்கூடம் வழியாக வந்தது. 1984-85இல் தொடங்கிய ‘கிளாஸ்’ கணினிக் கல்வித் திட்டத்தில் முதல் கட்டமாகச் சுமார் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோக்கள் கொடுக்கப்பட்டன. மொகாலியிலிருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் இதையே ‘எஸ்சிஎல் யூனிகார்ன்’ என்ற பெயரில் இங்கே தயாரித்தது. அந்தத் தலைமுறை இயந்திரம் ஒன்று கைக்கு வந்தால், எந்தப் பெயர்ப்பலகை ஒட்டியிருந்தாலும், முதலில் திறந்து பார்க்க வேண்டியது பவர் சப்ளைப் பெட்டியைத்தான்.

ஆஸ்டெக் நிறுவனம் செய்த சப்ளையில் மாற்ற வேண்டியவை மூன்று என்பது பழுதுபார்ப்பவர்கள் கண்ட அனுபவம்: லைன் பக்கம் 10 நானோஃபாரட் ஒன்று, 100 நானோஃபாரட் ஒன்று, இவற்றோடு 220 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலைட்டிக் ஒன்று. முதல் இரண்டும் ஸ்வீடனின் ரிஃபா நிறுவனத்தின் உலோகப் பூச்சுக் காகித கெபாசிட்டர்கள். தேன் நிறத்தில், உள்ளே சுருள் தெரிகிற பிசின் உறை. வயதானால் அந்த உறையில் மயிரிழை விரிசல் விழும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் தெரியும். விரிசல் வழியே காற்றின் ஈரத்தைக் காகிதம் குடிக்கும். ஈரக் காகிதத்தில் 230 வோல்ட் ஏறும்போது உள்ளே சிறுசிறு மின்கசிவு தொடங்கிச் சூடாகி, உறை பிளந்து புகையும். கபாசிட்டன்ஸ் மீட்டர் இதைக் காட்டிக்கொடுக்காது. விரிசல் விழுந்ததும் பல நேரம் 100 நானோஃபாரட் என்றே காட்டும். எனவே அளந்து பார்த்து முடிவு செய்யும் வேலையே வேண்டாம். விரிசல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாற்றிவிடலாம்.

மாற்றும்போது பார்க்க வேண்டிய முதல் குறி ‘எக்ஸ்2’. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே நிரந்தரமாக நிற்கும் கெபாசிட்டருக்கு ஐஇசி 60384-14 தரம் வகுத்த பிரிவு அது. 2,500 வோல்ட் வரையிலான திடீர் அதிர்ச்சியைத் தாங்குகிறதா என்று சோதிக்கப்பட்டது. கடையில் ‘அதே வேல்யூதான் சார்’ என்று 630 வோல்ட் டிசி கெபாசிட்டரை நீட்டுவார்கள். எண்ணைப் பார்த்தால் பெரிதாகத்தான் இருக்கும், ஆனால் லைனுக்குக் குறுக்கே ஆண்டுக்கணக்கில் நிற்பதற்கான சோதனையை அது கடந்ததில்லை. ஃபேன் கெபாசிட்டரும் அப்படியே: அதற்கென்று ஒரு வேலை உண்டு, இது அதன் வேலை இல்லை.

எக்ஸ்2 என்ற வட்டத்துக்குள்ளும் இரண்டு வழிகள் உண்டு. ரிஃபாவின் அதே பிஎம்இ271 வரிசை இன்னும் கிடைக்கிறது. நிறுவனத்தை 2007இல் கெமெட் வாங்கியது. பலகையில் உள்ள துளைகளுக்கு அச்சாகப் பொருந்தும், பார்வைக்கும் பழையது போலவே இருக்கும். அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதானால் சரி. ஓட்டுவதற்கான கணினிக்கு பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் கெபாசிட்டரே மேல்: பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்தது, காகிதம் போல ஈரத்தை உறிஞ்சாது. வயதாகும்போது கபாசிட்டன்ஸ் மெல்லக் குறையுமே தவிர, புகைவிடுவது அபூர்வம். பழையது 250 வோல்ட் என்றிருந்தால் 275 வோல்ட் போதும் என்று நிற்காமல் 305 அல்லது 310 வோல்ட் வகையை எடுப்பது நல்லது. டிடிகே-எப்காஸின் பி32921, 22, 23 வரிசைகள் 305 வோல்ட்; விலை வித்தியாசம் அற்பம்.

பெங்களூருவின் ஹெப்பகோடி போன்ற இடத்தில் இந்தக் கூடுதல் வோல்ட்டுக்குக் காரணம் உண்டு. ஓசூர் சாலையில் ஒருபக்கம் எலக்ட்ரானிக் சிட்டி, மறுபக்கம் பொம்மசந்திரா தொழிற்பேட்டை. பெரிய மோட்டார்கள் ஓடி நிற்கும் வட்டாரத்தில் வீட்டு லைன் எப்போதும் 230இலேயே நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இன்னொரு எதிரி பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். அதன் அலை சரிவாக ஏறாமல் செங்குத்தாகத் தாவுகிறது. ஒவ்வொரு தாவலிலும் எக்ஸ் கெபாசிட்டருக்குள் கூர்மையான மின்னோட்டம் பாயும். கரண்ட் போனதும் பழைய கணினியை அத்தகைய இன்வெர்ட்டரில் ஓட்டும் பழக்கத்தை விட்டுவிடலாம்.

அளவில் ஒரு சிறு தொல்லை. ரிஃபாவின் 100 நானோஃபாரட்டுக்குக் கால் இடைவெளி 20.3 மில்லிமீட்டர், ஃபிலிம் வகைகள் 15 அல்லது 22.5இல் வருகின்றன. 15ஐ வாங்கிக் கால்களை வெளிப்பக்கம் மடித்துப் போட்டால் உட்காரும். மடிப்பைக் கெபாசிட்டரின் உடம்போடு ஒட்டி வளைக்காமல் இரண்டு மில்லிமீட்டர் விட்டு மூக்குக் குறடால் பிடித்து வளைக்க வேண்டும், இல்லையேல் கால் இறங்கும் இடத்தில் அடைப்பு பிளந்து பழைய கதை மீண்டும் தொடங்கும்.

உலோகப் பெட்டியோடு வந்த பீசி வகைகளில் ‘ஒய்’ கெபாசிட்டர்களும் இருக்கும். இவை லைனிலிருந்து எர்த்துக்குப் போகிறவை. ஷார்ட் ஆனால் பெட்டியின் உடம்பிலேயே மின்சாரம் ஏறும். ஆகவே ஒய்2 என்று எழுதிய இடத்தில் ஒய்2 அல்லது ஒய்1 மட்டுமே போடலாம், எக்ஸ்2 கூடவே கூடாது. மதிப்பையும் கூட்டக் கூடாது. 2.2 நானோஃபாரட் வழியே 230 வோல்ட்டில் கசிவது 0.16 மில்லியாம்பியர், அங்கே 100 நானோஃபாரட்டைப் போட்டால் 7 மில்லியாம்பியரைத் தாண்டும். எர்த் இல்லாத பிளக்கில் மாட்டிய பழைய பீசியைத் தொட்டால் சுர்ரென்று இழுப்பது இந்த ஒய் கெபாசிட்டர்களால்தான். அதற்கு மருந்து எர்த் போடுவது. கெபாசிட்டரைக் கழற்றுவது அல்ல.

ரெக்டிஃபையருக்கு அடுத்து நிற்கும் பெரிய எலக்ட்ரோலைட்டிக், 230 வோல்ட்டை 325 வோல்ட் டிசியாகத் தாங்குகிறது. லைன் 260க்கு ஏறினால் அதுவே 368 ஆகும். ஆக 350 வோல்ட் வகை இந்தியாவுக்கு உதவாது. 400 குறைந்தபட்சம், இடம் இருந்தால் 450. 115/230 சுவிட்ச் உள்ள சப்ளைகளில் இரண்டு 200 வோல்ட் கெபாசிட்டர்கள் தொடராக நின்று அந்த 325ஐப் பாதிப் பாதியாகப் பகிர்கின்றன. ஒன்று கெட்டால் இரண்டையும் ஒரே தயாரிப்பில் மாற்ற வேண்டும். மதிப்பு வேறுபட்டால் பங்கு சமமாகாது, ஒன்று அளவுக்கு மீறிச் சுமக்கும். ‘பெரிதாகப் போட்டால் நல்லது’ என்ற எண்ணம் இங்கே தப்பு. மைக்ரோஃபாரட்டை இரட்டிப்பாக்கினால் சுவிட்ச் போட்ட நொடியில் பாயும் மின்னோட்டம் பழைய பிரிட்ஜையும் ஃபியூஸையும் பதம் பார்க்கும். 20 சதவீதம் கூடினால் பரவாயில்லை.

உண்மையில் தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது அவுட்புட் பக்கம். அங்கே மைக்ரோஃபாரட்டும் வோல்ட்டும் சரியாக இருந்தாலும் சப்ளை சரியாக ஓடாமல் போகலாம். சுவிட்சிங் சப்ளையில் இந்தக் கெபாசிட்டர்கள் நொடிக்குப் பல்லாயிரம் முறை நிரம்பி வடிகின்றன. உள்மின்தடை, அதாவது இஎஸ்ஆர், கூடுதலாக இருந்தால் ஒவ்வொரு முறையும் சூடு. சூட்டில் உள்ளிருக்கும் திரவம் உலர, இஎஸ்ஆர் இன்னும் ஏறும். மீட்டரில் 1000 மைக்ரோஃபாரட் 900 காட்டும், இஎஸ்ஆர் மட்டும் ஒரு ஓமைத் தாண்டியிருக்கும். நல்ல புதிய லோ-இஎஸ்ஆர் வகையில் அது 0.03 ஓமை ஒட்டி இருக்க வேண்டும். பானாசோனிக் எஃப்ஆர், நிச்சிகான், ரூபிகான் நிறுவனங்களின் 105 டிகிரி லோ-இஎஸ்ஆர் வரிசைகள் இந்த வேலைக்கென்றே உள்ளவை.

105 டிகிரிக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 85 டிகிரியில் 2,000 மணி நேரம் என்றது 55 டிகிரியில் 16,000 மணி நேரம் ஓடும். 105 டிகிரியில் 5,000 என்றது அதே 55இல் 1,60,000. அதற்குள் அடி ரப்பர் காய்ந்துவிடும் என்பது வேறு விஷயம்.

லோ-இஎஸ்ஆர் நல்லதென்றால் பாலிமர் கெபாசிட்டர் இன்னும் நல்லதல்லவா என்ற கேள்வி வரும். பழைய சப்ளைக்கு அது ஒத்துவராமல் போகலாம். அக்காலத்து வடிவமைப்பாளர்கள் சாதாரணக் கெபாசிட்டரின் இஎஸ்ஆரையும் கணக்கில் சேர்த்தே வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் சுற்றை அமைத்தார்கள். அது சுத்தமாக இல்லாமல் போனால் சுற்று நிலைகொள்ளாமல் ஊசலாடலாம்; சப்ளை மெல்லக் கீச்சிடும். பாலிமர் மதர்போர்டுக்கு, இங்கே திரவ எலக்ட்ரோலைட்டிக் போதும். கன்ட்ரோல் ஐசிக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும் 47 மைக்ரோஃபாரட் போன்ற சின்னக் கெபாசிட்டரையும் மறக்கக் கூடாது. அது உலர்ந்தால் சப்ளை ‘டிக், டிக்’ என்று முயன்று முயன்று நிற்கும். பத்து ரூபாய்ச் சாமான், பலர் டிரான்சிஸ்டர் வரை மாற்றிவிட்டுக் கடைசியில்தான் அதைத் தொடுகிறார்கள்.

வாங்குவதற்கு எஸ்பி ரோடு. 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்த பிறகு ஹெப்பகோடியிலிருந்து ஆர்வி ரோடு போய் பச்சைத் தடத்துக்கு மாறிச் சிக்பேட்டையில் இறங்கிவிடலாம். சில்க் போர்டு நெரிசலில் மாட்ட வேண்டியதில்லை. ரெசிஸ்டர், ஃபியூஸ், ஒயர், கனெக்டர் எல்லாம் அங்கேயே எடுக்கலாம். லோ-இஎஸ்ஆர் எலக்ட்ரோலைட்டிக்கையும் எக்ஸ்2, ஒய்2 வகைகளையும் மட்டும் அங்கீகரிக்கப்பட்ட ஆன்லைன் விநியோகஸ்தரிடம் வாங்குவதே உசிதம். பெரிய பெயர் அச்சிட்ட உறைக்குள் சிறிய கெபாசிட்டரை நுழைத்து விற்பது சந்தையில் புதிதல்ல. உறை தொளதொளவென்று இருப்பதும், அதே வரிசையின் மற்றொன்றைவிட எடை குறைவாக இருப்பதும் அடையாளங்கள். 20 சதவீதம் முன்பின் இருப்பது தரத்துக்கு உட்பட்டதே என்பதால் 1000 என்றது 850 காட்டினால் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். 500 காட்டினால் போகலாம். ‘பழைய ஸ்டாக், ஒரிஜினல் சார்’ என்பதிலும் மயங்கக் கூடாது. கண்ணூரில் கெல்ட்ரான் 1974இல் தொடங்கிய கெபாசிட்டர் ஆலை இன்றும் அலுமினிய எலக்ட்ரோலைட்டிக் செய்கிறது. ஆனால் எந்த நிறுவனத்துச் சாமானாக இருந்தாலும் முப்பது ஆண்டு டப்பாவில் கிடந்த எலக்ட்ரோலைட்டிக், பயன்படுத்தாமலேயே கிழடு தட்டியதுதான்.

பெட்டியைத் திறந்ததும் பெரிய கெபாசிட்டரை ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்யும் வீர விளையாட்டு வேண்டாம். 10 கிலோஓம், 10 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட் செய்த கிளிப்பால் மாட்டினால், 220 மைக்ரோஃபாரட் பத்துப் பன்னிரண்டு நொடியில் வடிந்துவிடும். மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். எலக்ட்ரோலைட்டிக்கின் கோடு போட்ட பக்கம் மைனஸ் என்பதைச் சால்டர் வைக்கும் முன் பலகையோடு ஒருமுறை ஒப்பிடுவது நல்லது.

முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் போர்டு போதும்: 60 வாட் குண்டு பல்பு ஒன்று தொடரில். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தோடு நின்றால் உள்ளே ஷார்ட், ஆனால் ஃபியூஸும் டிரான்சிஸ்டரும் பிழைத்தன. எல்இடி பல்பு இதற்குப் பயன்படாது. சுமை இல்லாமலும் சோதிக்கக் கூடாது. பிபிசியின் சப்ளையிலிருந்து மதர்போர்டுக்கு வரும் மூன்று சிவப்பு ஒயர்கள் பிளஸ் 5, மூன்று கறுப்பு பூஜ்யம், ஊதா மைனஸ் 5. சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 2.2 ஓம், 25 வாட் ரெசிஸ்டர் வைத்தால் ஏறத்தாழ 2.3 ஆம்பியர் இழுக்கும். சீரிஸ் பல்பை நீக்கி, அந்தச் சுமையோடு அரை மணி நேரம் ஓட்டி, 4.9க்கும் 5.1க்கும் இடையே வோல்ட் அசையாமல் நின்றால் ஒயர்களை மதர்போர்டில் மாட்டலாம். ரெசிஸ்டர் நன்றாகச் சுடும். மேசை மேல் நேராக வைக்காமல் பழைய ஓடு ஒன்றின் மேல் வைப்பது மேசைக்கு நல்லது.