கல்லுக்குத் தத்துவம், கணியானுக்குக் கேலி

சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் தூணொன்றில் பெண் பிள்ளையார் உண்டு. விக்னேஸ்வரி என்பார்கள். ஆனைமுகம், பெண் உடம்பு. ‘ஆணா, பெண்ணா?’ என்று அதைப் பார்த்து எவனும் சிரிப்பதில்லை. சக்தி தத்துவம் என்று கைகூப்புகிறான். அந்தக் கோயில் தெருவில் நடப்பதற்கே 1926இல் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. 1936 நவம்பரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரும்வரை நம்ம சனத்துக்கு அந்தத் தூண் கண்ணில் பட்டதில்லை. இதையும் சேர்த்துத்தான் அந்தத் தத்துவத்தை நான் வாசிக்கிறேன்.

இதே மாவட்டத்தில் சுடலைமாடன் கொடைகளில் கணியான் கூத்து நடக்கிறது. கணியான்கள் பழங்குடிப் பட்டியலில் இருக்கிற சனம். அண்ணாவி பாட, மகுடம் அதிர, சேலை கட்டிச் சலங்கை போட்ட ஆண்கள் ஆடுவார்கள். இங்கே மட்டும் ‘பொம்பள வேசக்காரன்’ என்ற நக்கல். விசிலடிக்கிறவர்களில் நம்ம காலனிப் பையன்களும் உண்டு, தோழர்களே.

பெண் ஆட வராததால் ஆண் வேசம் கட்டினான் என்று சுளுவாகச் சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. கொலையுண்டு தெய்வமான இசக்கியின் கதை பாடப்படும்போது அந்தச் சேலைக்குள் நிற்பது யார்? அதே கொடையில் கணியான் தன் கையைக் கீறி மாடனுக்கு ரத்தம் கொடுக்கிறான். ரத்தம் மட்டும் ஊருக்கு வேண்டியிருக்கிறது.

ஆடுகிறவர்களில் ஒருவருக்குச் சேலை மனசுக்கு உகந்ததாக இருக்கலாம், இன்னொருவருக்கு வெறும் கூலி. ஆட்டத்தைப் பார்த்தே அவர்களுடைய ஆசையைத் தீர்மானிக்க நமக்கு என்ன பாத்தியதை? அவர்களே பேசட்டும். அதை அப்படியே எழுதி இந்தப் பக்கங்களுக்கு அனுப்புங்கள்.